பட்டறைக் கேள்விகள்: டிக் வெல்டிங் கற்க ஆசிரியர் எதற்கு?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டிக் வெல்டிங்கைப் பற்றியவை. டங்ஸ்டன் முனைக்கும் தகட்டுக்கும் இடையே எரியும் மின்பொறியால் (ஆர்க்) உலோகத்தை உருக்கி, ஆர்கான் வாயுவால் அதைக் காற்றிலிருந்து காத்து, மறு கையால் நிரப்புக் கம்பியை (ராடு) ஊட்டிச் சேர்க்கும் முறை அது. ஏற்கெனவே ஓரளவு வெல்டிங் தெரிந்தவர்கள், கையை இன்னும் திருத்திக்கொள்ள முறையான பயிற்சிக்குப் போகலாமா, போனால் அங்கே எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, விரிவாகச் சொல்ல வேண்டியவற்றை விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஸ்டிக் வெல்டிங்கில் (ராடே எரிந்து உருகிச் சேரும் முறை) எனக்கு எட்டு ஆண்டு அனுபவம் இருக்கிறது. ஓராண்டுக்கு முன் டிக் மெஷின் ஒன்றை வாங்கி, காணொளிகளைப் பார்த்துத் தனியாகவே பழகி வருகிறேன். மீன் செதில் அடுக்கியதுபோல் பீட் (வெல்டுக் கோடு) அழகாகவே விழுகிறது. இதற்கு மேல் ஓர் ஆசிரியரிடம் போய்க் கற்க என்ன இருக்கிறது?

பதில்: பீட் அழகாக விழுகிறது என்றால் உங்கள் கை நிதானத்துக்கு வந்துவிட்டது என்று பொருள், அதில் ஐயமில்லை. ஆனால் மேலே தெரியும் அழகை வைத்து, அடியில் உலோகம் உருகிச் சேர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிட முடியாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று ஆண்டுகள் தனியாகப் பழகிய பிறகு ஒரு பயிற்சிக்கூடத்துக்குப் போனபோது, 3 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை விளிம்போடு விளிம்பு சேர்த்து, என்னால் இயன்றவரை சிறப்பாக வெல்டு செய்து ஆசிரியரிடம் நீட்டினேன். அவர் அதைப் பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. ஒரு ஹேக்ஸாவை என் கையில் கொடுத்து, வெல்டுக்குக் குறுக்கே இரண்டு விரல் அகலப் பட்டைகளாக அறுக்கச் சொன்னார். அறுத்த பட்டையை வைஸில் இறுக்கி, வெல்டின் அடிப்பக்கம் வெளியே வரும்படி சுத்தியலால் வளைத்தபோது, மூன்றாவது அடியிலேயே அடிக்கோடு வாய் பிளந்தது. உள்ளே தகட்டின் வெட்டு விளிம்பு, கிரைண்டர் கீறல்கள்கூட அழியாமல், உருகாமலேயே நின்றிருந்தது. அதுவரை நான் செய்துகொடுத்த வேலைகள் எல்லாம் ஒரு கணம் கண்முன் வந்து போயின.

அதன் பிறகுதான் கற்பித்தல் தொடங்கியது. அவர் தம் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு என் இடப்பக்கம் நின்று, பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். பிறகு, ஒவ்வொரு முறை ராடைத் தொடும்போதும் என் வலது மணிக்கட்டு ஒரு மயிரிழை மேலே எழுகிறது என்றும், எழுந்த கை முழுவதுமாகக் கீழே திரும்பி வருவதில்லை என்றும் சொன்னார். நூறு மில்லிமீட்டர் தூரம் போவதற்குள் என் ஆர்க்கின் நீளம் இரண்டு மடங்காகிவிடும். ஆர்க் நீண்டால் வெப்பம் பரந்து விழும். உருகிய குட்டை அகலமாகவும் ஆழமில்லாமலும் ஆகும். மேலே ராடு அழகாகப் படியும். அடி விளிம்பு உருகாது. மூன்று ஆண்டுகளாக நான் இந்தக் குறையை அறியாமலேயே ஆம்பியரைக் கூட்டிக் கூட்டி ஈடுகட்டி வந்திருக்கிறேன்.

ஹெல்மெட்டுக்குள் இருப்பவருக்கு ஆர்க் வெளிச்சம் விழும் உள்ளங்கை அகல இடம் மட்டுமே தெரியும். மணிக்கட்டு, முழங்கை, தோள், உடலின் சாய்வு எல்லாம் இருட்டில் இருக்கின்றன. தவறு பிறப்பது அந்த இருட்டில். அதன் விளைவு மட்டுமே வெளிச்சத்தில் தெரிகிறது. காணொளியில் நீங்கள் இன்னொருவருடைய கையைப் பார்க்கிறீர்கள்; உங்கள் கையைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. ஆசிரியரிடம் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் ஸ்டிக் அனுபவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உருகிய உலோகத்தைப் பார்த்துப் பதம் அறியும் கண் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக வருபவருக்கு அது வர மாதங்கள் ஆகும். ஆனால் ஸ்டிக்கில் வெப்பமும் உலோகமும் ஒரே ராடிலிருந்து வருகின்றன. ராடு எரியும்போது கையும் கீழே இறங்கிக்கொண்டே போகும். டிக்கில் வெப்பம் ஒரு கையிலும் உலோகம் மறு கையிலும் இருக்கின்றன. டங்ஸ்டன் எரிந்து குறைவதில்லை. எட்டு ஆண்டுகள் இறங்கிப் பழகிய கைக்கு ஒரே உயரத்தில் நிற்கக் கற்றுக்கொடுப்பது எளிதன்று. தனியாகப் பழகும்போது அந்தப் பழைய பழக்கம் ஓசையில்லாமல் உள்ளே வந்துவிடும்.

கேள்வி: பயிற்சி நிலையங்கள் பல இருக்கின்றன. நல்லது எது என்று ஒரு முறை நேரில் போய்ப் பார்த்தே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் அங்கே கழிவு போடும் தொட்டியைப் பாருங்கள். அதில் கிடக்கும் பயிற்சித் துண்டுகள் அறுக்கப்பட்டும் வளைக்கப்பட்டும் இருந்தால், அங்கே கற்பிக்கிறார்கள். வெல்டு செய்த துண்டுகள் முழுசு முழுசாகக் கிடந்தால், பார்வைக்கு நன்றாக இருக்கிறதா என்பதோடு அங்கே சோதனை முடிந்துவிடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஒரு மெஷினுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். நாற்பது மணி நேரப் பயிற்சி என்று சொல்லி, ஒரு மெஷினுக்கு நான்கு பேரை நிறுத்தினால் உங்கள் பங்கு பத்து மணி நேரம். அதில் தகட்டைத் தேய்ப்பது, டங்ஸ்டனைத் தீட்டுவது, துண்டு ஆறும்வரை காத்திருப்பது எல்லாம் பாதி நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஆர்க் எரியும் நேரம் ஐந்து மணிகூடத் தேறாது. ஒரு மெஷினுக்கு ஒருவர் என்று பதினைந்து மணி நேரம் கிடைக்கும் சிறிய பயிற்சி அதைவிட மேலானது.

ஆசிரியர் எவ்வளவு நேரம் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மாணவர் அருகில் நிற்கிறார் என்பதைக் கவனியுங்கள். கரும்பலகைப் பாடம் தேவைதான். ஆனால் ஆர்க் எரியும்போது அருகில் நின்று, அந்த நொடியிலேயே கையைத் திருத்துவதுதான் நீங்கள் அங்கே தேடிப் போவது. ஆர்க் அணைந்த பிறகு சொல்லும் திருத்தம் மூளைக்குப் போய்ச் சேரும், கைக்குப் போவதில்லை. நல்ல ஆசிரியர் ஒரு வகுப்பில் ஒரே ஒரு தவறைத்தான் திருத்துவார். ஐந்தையும் ஒரே நேரத்தில் சொல்பவர் எவ்வளவு விவரம் தெரிந்தவராக இருந்தாலும், கற்பிக்கும் பொறுமை இன்னும் வராதவர் என்பது என் கருத்து.

கேள்வி: பத்து நிமிடத்துக்கு ஒரு முறை டங்ஸ்டன் குட்டையில் தொட்டுவிடுகிறது, அல்லது ராடு டங்ஸ்டனில் இடித்துவிடுகிறது. தீட்டித் தீட்டியே நேரம் போகிறது. கை பழகப் பழகச் சரியாகிவிடுமா, வேறு காரணம் ஏதும் உண்டா?

பதில்: பழகப் பழகக் குறையும் என்பது உண்மை, ஆனால் வெறும் பழக்கத்தை நம்பி இருக்க வேண்டாம், ஏனெனில் பெரும்பாலும் இதற்குக் கையின் தவறு காரணமாவதில்லை, உட்காரும் முறையே காரணமாகிறது. டார்ச் (டங்ஸ்டனைத் தாங்கும் கைப்பிடி) பிடித்த கை காற்றில் மிதந்தால் எவருக்கும் அது நிற்காது. சுண்டுவிரலோ உள்ளங்கையின் ஓரமோ தகட்டின்மேல், அல்லது ஒரு தாங்குகட்டையின்மேல், படிந்து வழுக்கிச் செல்ல வேண்டும். ஆர்க் எரியாமலேயே வெல்டின் முழு நீளத்துக்கும் கையை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். கடைசி முப்பது மில்லிமீட்டரில் முழங்கை எங்காவது இடித்தால், டங்ஸ்டன் குட்டையில் விழப்போவது அங்கேதான்.

டார்ச்சின் கேபிளையும் கவனியுங்கள். அது தரையில் தொங்கி இழுத்தால் கை எந்நேரமும் அந்தப் பாரத்தை எதிர்த்துக்கொண்டே இருக்கும். கேபிளைத் தோளில் போட்டுக்கொள்வதோ முன்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வதோ மிகச் சிறிய மாற்றம்தான். அந்த ஒன்றினாலேயே பாதித் தொல்லை தீர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ராடு இடிப்பதற்குக் காரணம் கோணம். டார்ச் செங்குத்திலிருந்து பதினைந்து முதல் இருபது பாகை வரை சாய்ந்து, போகும் திசையை நோக்கி ஆர்க்கைத் தள்ள வேண்டும். ராடு எதிர்ப்பக்கத்திலிருந்து தகட்டை ஒட்டிப் படுத்தவாறு வர வேண்டும். ராடை நிமிர்த்திப் பிடித்தால் அது குட்டையின் முன்விளிம்பைத் தொடுவதற்குள் டங்ஸ்டனைத் தொட்டுவிடும். டார்ச்சை அதிகமாகச் சாய்த்தாலோ, ஆர்க்கின் வெப்பம் முன்னே பாய்ந்து ராடின் நுனியை உருட்டி, சொட்டாக விழச் செய்யும். ராடைத் தொட்டு எடுக்கும்போதும் நுனியை ஆர்கான் போர்வையைவிட்டு வெளியே கொண்டு போகாதீர்கள். சூடான நுனி காற்றில் கறுத்து, அந்தக் கறுப்பை அடுத்த தொடுதலில் குட்டைக்குள் கொண்டுவந்து விடும்.

தொட்டுவிட்ட டங்ஸ்டனைத் தீட்டாமல் தொடர்வது மட்டும் கூடாது. டங்ஸ்டன் உருகும் வெப்பநிலை 3422 பாகை செல்சியஸ். நுனியில் ஒட்டிய இரும்போ அலுமினியமோ அதற்கு மிகக் கீழேயே உருகிக் கொதித்து ஆர்க்கைத் தாறுமாறாகத் திருப்பும். தீட்டும்போது கீறல்கள் நுனியை நோக்கி நெடுக்காக ஓட வேண்டும்; குறுக்குக் கீறல் விழுந்தால் ஆர்க் ஒரே இடத்தில் நிற்காமல் அலையும்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் என் வெல்டு சாம்பல் நிறமாகிவிடுகிறது. சூடு அதிகம் என்கிறார்கள். ஆம்பியரைக் குறைத்தேன், இன்னும் மோசமாகிறது. ஏன்?

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி, ஏனெனில் ‘சூடு அதிகம்’ என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்துவதால் வரும் குழப்பம் இது. தகட்டின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்குள்ளும் எவ்வளவு ஆற்றல் போகிறது என்பதுதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. அந்த ஆற்றல் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி, கை நகரும் வேகத்தால் வகுத்தால் வருவது. 11 வோல்ட், 60 ஆம்பியரில் நிமிடத்துக்கு 60 மில்லிமீட்டர் நகர்ந்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 660 ஜூல். அதே 11 வோல்ட்டில் 80 ஆம்பியர் வைத்து நிமிடத்துக்கு 120 மில்லிமீட்டர் நகர்ந்தால் 440 ஜூல்தான். ஆம்பியரைக் குறைத்தவர் குட்டை திறக்கும்வரை காத்திருக்கிறார்; காத்திருக்கும் நேரம் முழுவதும் வெப்பம் தகட்டுக்குள் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஆம்பியரைச் சற்றுக் கூட்டி, குட்டை உடனே திறந்ததும் வேகமாக நகர்ந்தால் தகடு குறைவாகவே சுடும்.

இதை எழுதுவது எளிது. செய்வதற்குத் துணிவு வேண்டும். வேகமாகப் போனால் கை தவறிவிடுமோ என்ற அச்சத்தில்தான் எல்லோரும் மெதுவாகப் போகிறார்கள். என் ஆசிரியர் தகட்டின் ஓரத்தில் பத்து மில்லிமீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, அவர் எண்ணும் எண்ணுக்கு ஒரு கோடு என்று கடக்கச் சொல்வார். முதல் நாள் ராடு இல்லாமல் குட்டையை மட்டும் ஓட்டினோம். ராடைச் சேர்த்தது மூன்றாம் நாளில்தான்.

நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வெள்ளியோ வைக்கோல் பொன்னிறமோ தெரிந்தால் நன்று. நீலம், ஊதா என்று போகப் போக வெப்பம் அதிகம் அல்லது ஆர்கான் காப்பு போதவில்லை. மங்கிய சாம்பல் என்றால் அந்த இடத்தின் துருவெதிர்ப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. காப்பு போதாமைக்கும் இதே நிறம்தான் வரும் என்பதால் அதையும் சரிபாருங்கள். எட்டாம் எண் கப்புக்கு (டார்ச் நுனியில் ஆர்கான் வெளிவரும் குவளை) நிமிடத்துக்கு எட்டு முதல் பத்து லிட்டர் ஆர்கான் பெரும்பாலும் போதும். பதினெட்டு, இருபது என்று திறந்துவிட்டால் பாதுகாப்பு கூடாது. ஓட்டம் கலங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆர்க்கை அணைத்ததும் டார்ச்சைத் தூக்கிவிடுகிறீர்களா என்பதையும் பாருங்கள். பத்து ஆம்பியருக்கு ஒரு விநாடி என்ற கணக்கில் ஆர்கான் பின்னோட்டம் (ஆர்க் அணைந்த பின்னும் வாயு ஓடும் நேரம்) முடியும்வரை டார்ச் அங்கேயே நிற்க வேண்டும். குழாயின் உள்பக்கத்தையும் ஆர்கானால் நிரப்பாமல் ஊடுருவி வெல்டு செய்தால், அடியில் கருகிய சர்க்கரைக் கட்டிபோல் பொருக்குத் தட்டும். மேற்பக்கம் எவ்வளவு பொன்னிறமாக இருந்தாலும் அந்தக் குழாய் பயன்படாது.

கேள்வி: அலுமினியத்தை எப்போது தொடங்கலாம்? முதலிலேயே அலுமினியம் கற்றுத் தரும்படி கேட்டால் ஆசிரியர் மறுக்கிறார்.

பதில்: அவர் மறுப்பது உங்கள் நன்மைக்காகவே. அலுமினியம் 660 பாகையில் உருகும். அதன் மேலிருக்கும் ஆக்சைடு படலமோ 2000 பாகைக்கு மேல்தான் உருகும். உள்ளே நீராகிவிட்ட உலோகம் வெளியே தோல் போர்த்தி அசையாமல் இருக்க, அடுத்த கணம் மொத்தமாகக் கீழே விழுந்துவிடும். இரும்புபோல் சிவந்து முன்னறிவிப்பும் தராது. இரும்பையும் ஸ்டெயின்லெஸ்ஸையும் எலக்ட்ரோடு (டங்ஸ்டன்) எதிர்மின் முனையாக இருக்கும் நேர்மின்னோட்டத்தில் (டிசி) செய்கிறோம். வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தகட்டுக்குப் போகிறது. அலுமினியத்துக்கு மாறுமின்னோட்டம் (ஏசி) வேண்டும். எலக்ட்ரோடு நேர்மின் முனையாகும் பாதிச் சுழற்சியில்தான் அந்த ஆக்சைடு படலம் உரிகிறது. இத்தனைக்கும் மேலாக, தகடு சூடேறச் சூடேறக் கால் பெடலைத் தளர்த்திக்கொண்டே போக வேண்டும். இரண்டு கையும் தாமாக இயங்கும் நிலைக்கு வந்த பிறகே மூன்றாவதாக ஒரு காலைச் சேர்க்க முடியும்.

இந்த முறையே எளிதில் வெல்டு செய்ய முடியாத உலோகத்துக்காகப் பிறந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1941-இல், அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் மெரிடித், மக்னீசியத்தை எரிய விடாமல் வெல்டு செய்யும் வழி தேடி, டங்ஸ்டன் எலக்ட்ரோடையும் ஹீலியம் போர்வையையும் சேர்த்து இதை உருவாக்கினார். 1942-இல் காப்புரிமை கிடைத்தது. ஹீலி-ஆர்க் என்ற பழைய பெயர் அப்படி வந்ததுதான்.

மென்னிரும்புத் தகட்டில் ராடு சேர்த்து, ஒரே அகலத்தில், இருநூறு மில்லிமீட்டர் நீளத்துக்கு நிற்காமல் ஓட்ட முடிகிற நாளில் ஆசிரியரிடம் மறுபடி கேளுங்கள்.

கேள்வி: எனக்கு நாற்பத்தெட்டு வயது. கை சற்று நடுங்குகிறது, கண்ணாடியும் போட்டிருக்கிறேன். இளைஞர்களோடு உட்கார்ந்து கற்க வெட்கமாகவும் இருக்கிறது. இந்த வயதில் டிக் வருமா?

பதில்: வரும். கை நடுக்கத்தைவிடக் கண் தெளிவின்மையே பெரிய தடை. அதுவும் எளிதில் தீரக்கூடியது. படிக்கும் கண்ணாடியின் திறனுக்கு ஏற்ற உருப்பெருக்கி வில்லையை ஹெல்மெட்டுக்குள், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பொருத்திக்கொள்ளலாம். நெருக்கத்தில் பார்க்கும் கண்ணாடி நாற்பது சென்டிமீட்டர் தொலைவுக்கு அளவெடுத்ததாக இருக்கும். நீங்கள் ஆர்க்கிலிருந்து எவ்வளவு தொலைவில் உட்காருகிறீர்கள் என்று அளந்து கண் மருத்துவரிடம் சொன்னால் சரியான திறனைத் தருவார். கறுப்புக் கண்ணாடியின் எண்ணையும் பாருங்கள். 60, 70 ஆம்பியர் வேலைக்குப் பத்தாம் எண்ணே பொருத்தம். பழைய பழக்கத்தில் பன்னிரண்டைப் போட்டுக்கொண்டு குட்டை தெரியவில்லை என்று வருந்துவோர் பலர்.

நடுக்கத்துக்கு மருந்து ஊன்றுதல். முழங்கையை மேசையிலும் கையின் ஓரத்தைத் தகட்டிலும் ஊன்றுங்கள். மூச்சை அடக்காதீர்கள், தொடக்கக்காரர்கள் எல்லோரும் ஆர்க் எரிந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், நடுக்கம் அதனாலேயே கூடுகிறது. மெதுவாக மூச்சை வெளியே விட்டபடி தொடங்குங்கள். வெட்கத்தைப் பற்றி என்ன சொல்வது! ஹெல்மெட்டைக் கீழே இறக்கிய பிறகு யாருக்கும் யாருடைய வயதும் தெரிவதில்லை. வயதில் மூத்தவர்கள் அவசரப்படுவதில்லை என்பதால், முதல் மாதத்தில் பின்தங்கினாலும் மூன்றாம் மாதத்தில் முன்னே போய்விடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கேள்வி: பட்டறையில் மேஸ்திரி ஒரு விதமாகச் சொல்கிறார், பயிற்சி ஆசிரியர் வேறு விதமாகச் சொல்கிறார். கப்பைக் குழாயின்மேல் ஊன்றி ஆட்டிக்கொண்டே போக வேண்டும் என்கிறார் மேஸ்திரி. ஆசிரியரோ கப் எதிலும் படாமல் கையில் நிறுத்தப் பழக்குகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவரும் சரியே. கப்பை ஊன்றி நடத்துவது குழாய் வேலைக்கு மிகச் சிறந்த முறை. ஆர்க்கின் நீளம் தானாகவே ஒரே அளவில் நிற்கும், கை களைக்காது. ஆனால் ஊன்ற இடமில்லாத மூலையிலும், மெல்லிய தகட்டிலும், அலுமினியத்திலும் அது உதவாது. கையில் நிறுத்தக் கற்றவர் ஊன்றுவதை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார். ஊன்றியே பழகியவருக்கு மறுவழி கடினம். பயிற்சிக்கூடத்தில் ஆசிரியர் சொன்னபடியும், பட்டறையில் மேஸ்திரி சொன்னபடியும் செய்யுங்கள். இருவருடைய காரணத்தையும் பணிவோடு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காரணம் சொல்ல முடிகிறவரிடம்தான் தொடர்ந்து கற்க முடியும்.

கேள்வி: 6ஜி தேர்வு என்கிறார்களே, அது என்ன? ஒரு முறை தேறிவிட்டால் வாழ்நாள் முழுவதும் செல்லுமா?

பதில்: குழாயை நாற்பத்தைந்து பாகையில் சாய்த்து அசையாமல் பொருத்தி, அதைத் திருப்பாமல், வெல்டர் தாமே சுற்றி வந்து முழு வட்டத்தையும் வெல்டு செய்ய வேண்டிய நிலை அது. ஒரே மூட்டில் தலைக்கு மேல், பக்கவாட்டு, ஏற்றம் என எல்லா நிலைகளும் வந்துவிடுவதால், ‘ஆஸ்மி’ என்ற அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்க விதித்தொகுப்பின் ஒன்பதாம் பிரிவின்படி 6ஜி-யில் தேறியவர் எல்லா நிலைகளிலும் வெல்டு செய்யத் தகுதி பெறுகிறார். ஆனால் அந்தத் தகுதி அவர் தேறிய வெல்டிங் முறைக்கும், குறிப்பிட்ட தடிமன், விட்டம், ராடு வகை ஆகியவற்றின் எல்லைக்கும் உட்பட்டது. டிக்கில் தேறியவர் அதைக் காட்டி ஸ்டிக் வேலை கேட்க முடியாது.

வாழ்நாள் முழுவதும் செல்லாது. அதே விதித்தொகுப்பின்படி ஆறு மாதம் அந்த முறையில் வெல்டு செய்யாமல் இருந்தால் தகுதி காலாவதியாகிவிடும். ஐஎஸ்ஓ 9606-1 என்ற பன்னாட்டுத் தரத்திலும், வெல்டர் தொடர்ந்து வேலை செய்கிறார் என்பதை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பொறுப்பானவர் ஒருவர் உறுதிப்படுத்திக் கையெழுத்திட வேண்டும். ஆகவே வேலை மாறும்போது உங்கள் வேலைப் பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்காக மட்டுமே மூட்டைப் போட்டுப் போட்டு மனப்பாடம் செய்விக்கும் இடங்களும் உண்டு. தேர்வில் தேறிவிட்டு, சேர்க்க வேண்டிய குழாய்களுக்கிடையே இடைவெளி அரை மில்லிமீட்டர் மாறினால் கை நின்றுவிடும் வெல்டர்கள் அங்கேதான் உருவாகிறார்கள். இடைவெளியை வேண்டுமென்றே மாற்றி மாற்றிக் கொடுத்துப் பழக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி: சிவப்புப் பட்டை போட்ட டங்ஸ்டன் ஆபத்தானது என்கிறார்களே?

பதில்: சிவப்புப் பட்டை உள்ளதில் இரண்டு விழுக்காடு தோரியம் ஆக்சைடு இருக்கிறது, அது சிறிதளவு கதிரியக்கம் உடையது. கையில் பிடிப்பதால் அஞ்ச வேண்டியதில்லை. தீட்டும்போது பறக்கும் தூசியை மூச்சில் இழுப்பதுதான் தீங்கு. தூசியை உறிஞ்சும் அமைப்பு இல்லாத இடத்தில் அதைத் தீட்டாதீர்கள். லாந்தனம் சேர்த்த நீலப்பட்டை அல்லது பொன்பட்டை எலக்ட்ரோடுக்கு மாறிவிடுவது இன்னும் நல்லது. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் அதுவே போதும்.

இதைவிட உடனடியான ஆபத்து ஒன்றை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். குளோரின் சேர்ந்த துப்புரவுத் திரவங்களால், குறிப்பாகச் சிலவகை பிரேக் கிளீனர்களால், தகட்டைத் துடைத்துவிட்டு ஆர்க்கைப் பற்றவைக்காதீர்கள். ஆர்க்கின் வெப்பமும் புற ஊதா ஒளியும் அந்த ஆவியை ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாற்றும், உயிரையே பறித்துவிடும். அசிட்டோனால் துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகு தொடங்குங்கள். தொட்டிக்குள்ளும் பள்ளத்துக்குள்ளும் வேலை செய்யும்போது, ஆர்கான் காற்றைவிடக் கனமானது, மணமற்றது, அடியில் தேங்கி நின்று மூச்சுக்காற்றை வெளியேற்றிவிடும் என்பதை ஒரு கணமும் மறவாதீர்கள். வெளியே ஓர் ஆள் நிற்காமல் உள்ளே இறங்கக் கூடாது.

கேள்வி: வாரத்துக்கு ஒரு வகுப்புதான் போக முடிகிறது. இடையிலுள்ள நாட்களில் எப்படிப் பழகுவது?

பதில்: ராடைத் தள்ளும் விரல் பழக்கத்துக்கு மெஷின் தேவையில்லை. ஒரு ஃபில்லர் ராடை எடுத்து, கையுறையோடு, கட்டைவிரலால் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் மேலாகச் சிறிது சிறிதாக முன்னே நகர்த்திக்கொண்டே இருங்கள். ஒரு மீட்டர் ராடு முழுவதும் கை இடம் மாறாமல் விரல்களுக்கிடையே ஓடி முடிய வேண்டும். யாரோடாவது பேசிக்கொண்டே அதைச் செய்ய வந்துவிட்டால், ஆர்க்கின் முன் விரலைப் பற்றி நினைக்க வேண்டியிருக்காது.

மெஷின் கிடைக்கும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கை களைத்த பிறகு பழகுவது தவறையே. அந்த வாரம் ஆசிரியர் திருத்திய ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஆம்பியர், ஆர்கான் அளவு, டங்ஸ்டன் விட்டம், தேதி ஆகியவற்றைச் சுண்ணாம்பால் எழுதுங்கள். மென்னிரும்பில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு நாற்பது ஆம்பியர் என்ற தோராயக் கணக்கில் தொடங்கி, ஐந்து ஐந்தாக மாற்றிப் பாருங்கள்.

பிறகு எல்லாத் துண்டுகளையும் அறுத்துப் பாருங்கள். அடுத்த வகுப்புக்கு எதை எடுத்துப் போவது என்று வரும்போது, மிகச் சிறந்த துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஏன் கெட்டது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாத துண்டை எடுத்துப் போங்கள். ஆசிரியரோடு உங்களுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு; அதை அந்தத் துண்டுக்குக் கொடுங்கள்.